பார்வைக்கு மட்டும்

காவலர்களில் பல ஜாதி உண்டு. ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டுத் தூங்குகிறவர், உங்கள் கூடப்பிறந்த தங்கையையே "எந்த ஃபிளாட்டுக்கும்மா?" என்று நிறுத்தி நோட்டில் கையெழுத்து வாங்குகிறவர், கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறவர். இவர்களை எல்லாம் யாரோ ஒருவர் காவலுக்குப் போட்டிருக்கிறார். நான் சொல்ல வந்தவரை யாரும் போடவில்லை. தானாக வந்து உட்கார்ந்தவர். எழுந்திருக்கவும் மாட்டார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஃபோல்டர் காவலர்.

ஃபோல்டர் என்றதும் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் எளிது. சின்னதோ பெரியதோ, எந்தக் கம்பெனியிலும் ஒரு பொது மெயில் இருக்கும். வாடிக்கையாளர், சப்ளையர், வங்கி, விளம்பரக்காரர் எல்லாரும் அந்த ஒரு முகவரிக்குத்தான் எழுதுவார்கள். ஆபீஸில் எட்டுப் பேர், பத்துப் பேர் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து அதைப் பார்ப்பார்கள். வந்த கடிதங்களை இனம் பிரித்துப் போட்டுவைக்க உள்ளே ஃபோல்டர்கள். அவ்வளவுதான். அபார்ட்மெண்ட் மொட்டைமாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பொது, சாவி மட்டும் ஒருத்தரிடம்.

அந்த ஒருத்தரைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்களும் நானும் ஃபோல்டர் போட்டால் "வாடிக்கையாளர்" என்று ஒன்று, "மற்றவை" என்று ஒன்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இவர் அப்படியா? "ஓல்டு" என்று ஒன்று போடுவார். அதற்குள் "ஓல்டு நியூ". அதற்குள் "ஓல்டு நியூ ஃபைனல்". ஃபைனலுக்குள் போனால் கடிதம் இருக்கும் என்று நம்புகிறீர்களா? இன்னும் இரண்டு ஃபோல்டர் இருக்கும், ஒன்றின் பெயர் "ஃபைனல் கரெக்டு", மற்றதின் பெயர் "இதைப் பார்". இரண்டும் காலி.

அடுத்தது பர்மிஷன். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யார் யார் திறக்கலாம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சர்வரில் ஒரு பட்டியல் உண்டு. தனக்கு "உரிமையாளர்" என்று போட்டுக்கொள்வார். மற்றவர்களுக்குப் "பார்வைக்கு மட்டும்". ரொம்பப் பிடித்தவர்கள் என்றால் பதில் எழுதவும் அனுமதி, அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். பிடிக்காதவர்களுக்கு ஃபோல்டரின் பெயர் மட்டும் தெரியும்படி வைப்பார். ஓட்டல் வாசலில் பிரியாணி வாசனையை மட்டும் அனுமதிப்பது போல.

மூன்றாவது அடையாளம், அவருடைய வசனம். என்ன கேட்டாலும், எப்போது கேட்டாலும், தலையைத் தூக்காமல் ஒரே பதில் வரும்.

"எல்லாம் அதது எடத்துல கீது. தேடினா கெடைக்கும்."

பெயரைச் சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷரும் சீலும் செய்கிற ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். எங்கள் காவலர் ஏகாம்பரம். நிர்வாகம், ஆள் வருகை, கேன்டீன், மெயில், எல்லாம் அவர் பொறுப்பு. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அங்கே கட்டிலுக்கும் மின்விசிறிக்கும்கூடப் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும் என்பார். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. அவருடைய சாப்பாட்டுக் கேரியரில் மூன்று அடுக்கிலும் ஸ்டிக்கர் ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருப்பார். ஒருநாள் வீட்டில் இரண்டாம் அடுக்கில் ரசத்தை ஊற்றிவிட்டார்கள். அன்று முழுக்க மனிதர் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

காலை எட்டே முக்காலுக்கு வருவார். கம்ப்யூட்டரைத் துடைப்பார். பொது மெயிலைத் திறந்து ராத்திரி வந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் படிப்பார். பதில் போடுவாரா என்று கேட்காதீர்கள், அது அவர் வேலை இல்லை. படிப்பார், அவ்வளவுதான். இதில் என்ன கெடுதல் என்றால், பொது மெயிலில் படிக்காத கடிதம் தடித்த எழுத்தில் தெரியும். யாராவது ஒருவர் திறந்துவிட்டால் எல்லாருக்கும் ஒல்லியாகிவிடும். ஒல்லியாகத் தெரிந்தால் யாரோ கவனித்துவிட்டார் என்று மற்ற ஏழு பேரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஒன்பதரைக்கு நாங்கள் வரும்போது எல்லாக் கடிதமும் ஒல்லி.

ஒருமுறை எல்லாரும் சேர்ந்து முறையிட்டோம். "படிக்காதீங்க சார்" என்றோம். அது எப்படி முடியும்? பெரிய மனது பண்ணி, படித்து முடித்ததும் ஒவ்வொன்றையும் மறுபடி "படிக்காதது" என்று மாற்றிவைத்தார். இப்போது போன வருஷம் பதில் போட்ட கடிதம் உட்பட எல்லாமே தடிமன். நாங்களே மறுபடி முறையிட்டுப் பழைய முறையைத் திரும்பக் கேட்டு வாங்கினோம்.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். காய்ச்சல் என்று யார் படுத்தாலும் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. நாலு மணி டீயோடு தினமும் வெளியே வரும்.

"பதினெட்டு வருஷம்பா. ஒரு நாள் லேட்டா வந்துகீறனா? மேனேஜர்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுக்க எம்.டி.க்கு மனசு வரல பாரு."

எம்.டி. சிவராமனும் விசித்திரமாகத்தான் நடந்துகொண்டார். முன்பெல்லாம் "என்ன ஏகாம்பரம்" என்று தோளில் தட்டுகிறவர், பொங்கலுக்குப் பிறகு அவரைக் கண்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். என்ன காரணம் என்று எங்களுக்கும் புரியவில்லை, ஏகாம்பரத்துக்கும் புரியவில்லை. அவர் இன்னும் இரண்டு ஃபோல்டர் அதிகமாகப் போட்டுத் தன் துக்கத்தை ஆற்றிக்கொண்டார்.

இப்போது வாழ்த்து விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஆயுத பூஜைக்கு வாழ்த்துப் படமாக வந்து பொது மெயில் நிரம்பிவிட்டது. சரஸ்வதி படம், தாமரைப் படம், மினுக்கு மினுக்கென்று அசைகிற எலுமிச்சம்பழம். ஒன்றொன்றும் யானை கனம். இடமில்லாமல் இரண்டு நாள் கடிதமே உள்ளே வரவில்லை. ஏகாம்பரம் சீறிவிட்டார். சர்வரிலேயே ஒரு ரூல் போட்டார். பூஜை வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, புத்தாண்டு வாழ்த்து என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி இருந்தால் போதும், அந்தக் கடிதம் நம் கண்ணிலேயே படாமல் நேராக "வாழ்த்து" என்கிற ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிடும். அந்த ஃபோல்டரை யார் திறக்கலாம்? உரிமையாளர் மட்டும். அவர் திறப்பாரா? குப்பைத்தொட்டியை யார் தினமும் கிளறிப் பார்ப்பார்கள்?

"இனிமே மெயில் பாக்ஸ் கண்ணாடி மாதிரி இர்க்கும்" என்று அறிவித்தார். கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

இப்படி இருக்கும்போதுதான் ரேஷ்மா வந்து சேர்ந்தாள். திண்டுக்கல் பெண். சென்னீர்குப்பத்தில் மூன்று பேரோடு ஒரு ஃபிளாட்டில் தங்கி, விற்பனைப் பிரிவில் ட்ரெய்னியாக ஆறு மாதம். அப்பா கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்: தீபாவளிக்குள் வேலை நிரந்தரம் ஆனால் சரி, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள். எம்.டி.யும் ஒன்று சொல்லியிருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்ப்ரசர் செய்கிற ஒரு கம்பெனியை அவள் நான்கு மாதமாகத் துரத்திக்கொண்டிருந்தாள். அந்த ஆர்டரைக் கொண்டுவந்தால் அன்றைக்கே நிரந்தரக் கடிதம். ஆக அந்தப் பெண்ணின் தலையெழுத்து முழுக்க ஒரே ஒரு மெயிலில் இருந்தது. அந்த மெயில் எங்கே வரும்? பொது மெயிலுக்குத்தான் வரும். தனித்தனி மெயிலுக்கு வெளியாட்கள் எழுத முடியாதபடி ஏகாம்பரம் எப்போதோ அடைத்துவிட்டார். கைப்பேசியில் ஆபீஸ் மெயில் பார்ப்பதும் கிடையாது. பாதுகாப்பாம்.

இந்த வருஷம் ஆயுத பூஜையிலிருந்தே தொடர்ச்சியாக விடுமுறை என்பதால் எங்கள் கம்பெனியில் முந்தின நாளே பூஜை. காலையிலிருந்து மெஷினைக் கழுவுவதும் மாவிலை கட்டுவதுமாக ஒரே அமர்க்களம். பதினொரு மணிக்கு ரேஷ்மாவுக்கு ஒரு ஃபோன். அந்தக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி ரகுநாதன். தங்கமான மனிதர், பேச்சில் ஒரு சொல் தடித்து வராது.

"என்னம்மா, முந்தாநாளே ஃபைனல் டிராயிங் அனுப்பிட்டேனே. உங்க எம்.டி. கையெழுத்தோட திரும்பி வரலையே?"

ரேஷ்மா பொது மெயிலைத் தலைகீழாகக் கொட்டித் தேடினாள். இல்லை. ஏகாம்பரத்திடம் ஓடினாள். அவர் மானிட்டருக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்.

"சார், கம்ப்ரசர் கம்பெனி மெயில் வந்திருக்கா சார்?"

"வந்திருந்தா இருக்கும். இல்லன்னா வரல. அவங்க அனுப்பிச்சிருக்க மாட்டாங்கம்மா. இவங்கோ இப்டித்தான், அனுப்பாமலே அனுப்பிச்சேன்னுவாங்கோ."

"உங்க ஃபோல்டர்ல எங்கயாவது..."

"எல்லாம் அதது எடத்துல கீது."

ரகுநாதன் மறுபடி அனுப்பினார். வரவில்லை. இன்னொருமுறையும் அனுப்பினார். காற்றில் கரைந்துபோனது. வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் சார் என்று கெஞ்சினாள். "டிராயிங்கை வாட்ஸ்அப்ல அனுப்பினா எனக்கு வேலை போய்டும்மா. எங்க ரூல் அப்படி" என்றார். பாருங்கள், அந்தப் பக்கமும் ஒரு ஏகாம்பரம் இருக்கிறார்.

பன்னிரண்டரைக்கு பூஜை. எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்து, பிரிண்டரிலிருந்து பஞ்ச் மெஷின் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சர்வர் அலமாரிக்கு மட்டும் தனி மாலை போட்டு, கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபடி எடுப்பது விடுமுறை முடிந்துதான். இது எங்கள் எஸ்டேட்டில் எழுதாத சட்டம். லேத்தைத் தொட மாட்டோம், ஸ்பேனரைத் தொட மாட்டோம், கீபோர்டையும் தொட மாட்டோம். எல்லாரும் பொரியும் கடலையும் பையில் வாங்கிக்கொண்டு பஸ் நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்று மணிக்கு மறுபடி ரகுநாதன். இந்தத் தடவை குரலில் சங்கடம். "நாலரைக்கு எங்க கமிட்டி உட்காருதும்மா. கையெழுத்து வரலைன்னா கோயம்புத்தூர் பார்ட்டிக்குக் குடுத்துடுவாங்க. என் கையில இல்ல. நான் என்ன குறை வெச்சேன் சொல்லு? ஒவ்வொரு தடவையும் ஆயுத பூஜை வாழ்த்து சொல்லித்தானே மெயிலை ஆரம்பிச்சேன்!"

ரேஷ்மா கையிலிருந்த பொரிப் பை கீழே விழுந்தது.

"வாழ்த்தா சார்? மெயில்லயே எழுதினீங்களா?"

"பின்ன? முதல் தடவை ஒரு வரி. பதில் இல்லையேன்னு அடுத்ததுல உங்க குடும்பத்துக்கும் சேர்த்து எழுதினேன். மூணாவதுல தீபாவளிக்கும் முன்கூட்டியே சொல்லிட்டேன்."

மனிதர் மரியாதையைக் கூட்டக் கூட்ட ரூல் இன்னும் நன்றாகப் பிடித்து விழுங்கியிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். எங்கள் பூசாரி கொடுக்காததோடு பூட்டியும் வைத்திருந்தார்.

முதலில் ஆசிக்கைக் கூப்பிட்டோம். முகமது ஆசிக்தான் பூந்தமல்லியிலிருந்து வாரம் இருமுறை வந்து எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர். ஸ்பீக்கரில் ஹாரன் சத்தம்தான் முதலில் கேட்டது.

"அண்ணாத்தே, நான் குத்தம்பாக்கத்தாண்ட மாட்டிகினு கீறேன். வண்டி இம்மி நவுர மாட்டேங்குது. வெளியிலேர்ந்து உள்ள பூர்ற வழியத்தான் ஏகாம்பரம் சார் அடைக்கச் சொல்லிட்டாரே. அவரு மெஷினைப் போட்டு அவரு பாஸ்வேர்ட்ல தொறங்க. ரெண்டே நிமிஷம்."

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தோம். அவர் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், தலைமேல் செவ்வந்தி என்று சாட்சாத் மூலவராக உட்கார்ந்திருந்தது.

"பூஜைல வெச்சத எப்டிம்மா எடுக்கறது?" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. "பதினெட்டு வருஷமா நாந்தான் கற்பூரம் காட்றேன். ஒருதபா கூட தொட்டது இல்ல."

அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. எம்.டி.யும் பொரித் தட்டோடு நின்று நெற்றியைத் தேய்த்தார். அவரும் நம்பிக்கை உள்ளவர்தான். கடிகாரம் மூன்று இருபது. ரேஷ்மா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல சார். விடுங்க சார். ஊருக்கு டிக்கெட் போட்டுக்கிறேன்" என்று சின்னக் குரலில் சொன்னாள்.

அப்போது ஆக்னஸ் முன்னால் வந்தாள். தர சோதனைப் பிரிவு. பிரஸ் மெஷின் பக்கத்தில் பத்து வருஷம் நின்று காது கொஞ்சம் மந்தம், மற்றபடி எங்கள் ஆபீஸிலேயே தெளிவான தலை அவளுடையதுதான்.

"சார், கும்பிட்டது நீங்க. சுவிட்ச் நான் போடறேன். உங்க கை படவே வாணாம். பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்க."

எம்.டி.யின் முகம் தெளிந்தது. எங்கள் எல்லாருக்கும் உயிர் வந்தது. ஏகாம்பரத்துக்கு மட்டும் வேர்த்தது. பூஜை கலைகிறதே என்பதற்குக்கூட மனிதர் அவ்வளவு ஆடவில்லை. பாஸ்வேர்டு என்ற சொல்லைக் கேட்டதும் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"அது... அத எப்டிம்மா வெளிய சொல்றது?"

"ஏகாம்பரம்" என்றார் எம்.டி. அவ்வளவுதான் சொன்னார்.

ஏகாம்பரம் ஆக்னஸின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலை சார்."

மறுபடி முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க சார், எனக்குக் காது கேக்காதுன்னு தெரியாதா?"

கண்ணை மூடிக்கொண்டு, தீக்குளிக்கிறவர் போல, அவர் உரக்கச் சொன்னார்: "வெல்கம், அட், ஒன் டூ த்ரீ."

ஆக்னஸின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்கிறீர்களா? எட்டு வருஷத்துக்கு முன்னால் சர்வர் வைத்த அன்று ஆசிக் எங்கள் எல்லாருக்கும் வரிசையாகக் கொடுத்த பாஸ்வேர்டு அது. முதல் நாளே மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மாற்றிக்கொண்டோம். இத்தனை பர்மிஷன், இத்தனை பூட்டு, இத்தனை பார்வைக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் வரவேற்றுக்கொண்டு ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டு வருஷமும் யாராவது ஒருத்தர் ஒருமுறை முயன்று பார்த்திருந்தால் போதும். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காவலர் இருக்கிறார் என்றால் பூட்டு நன்றாகத்தான் இருக்கும் என்று நாம்தானே முடிவு கட்டிக்கொள்கிறோம்?

ஆக்னஸ் அடித்தாள். திறந்தது. வாழ்த்து ஃபோல்டரில் நானூற்றுப் பன்னிரண்டு கடிதம். ஒன்றைக்கூட யாரும் தொட்டதில்லை, அத்தனையும் தடித்த எழுத்து. மேலேயே ரகுநாதனுடைய மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கைகூப்பிக்கொண்டு நின்றன. டிராயிங்கை அச்செடுத்தார்கள், எம்.டி. கையெழுத்துப் போட்டார், ஸ்கேன் பண்ணினார்கள். அனுப்புவதற்கும் ரேஷ்மாவுக்கு அனுமதி இல்லை, அவள் பார்வைக்கு மட்டும். அதையும் ஆக்னஸே அழுத்தினாள். மணி நாலு பன்னிரண்டு. நாலே கால் சுமாருக்கு ரகுநாதனிடமிருந்து பதில் வந்தது: "கிடைத்தது. ஓரத்தில் சந்தனம் ஒட்டியிருக்கிறது. சுபம்." பிரிண்டரில் வைத்த பொட்டு தாளோடு வந்திருக்கிறது. இந்தத் தடவை அவர் வாழ்த்து எழுதவில்லை. ஃபோனில் சொல்லிவிட்டார்.

ரேஷ்மா இப்போது அழுதாள். ஆக்னஸ் அவளுக்கு என் பொரியை எடுத்துக் கொடுத்தாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஏகாம்பரமும் முடிந்தது என்று நினைத்துத்தான் ஃபோல்டரை மூடச் சொன்னார். ஆனால் எம்.டி. திரையை விட்டு நகரவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பட்டியலில் கீழே கீழே போனவர் ஒரு இடத்தில் நின்றார்.

"இது நான் அனுப்பினதாச்சே?"

பொங்கலுக்கு அவர் பொது மெயிலுக்கு எழுதியது. ஆக்னஸ் திறந்தாள், எம்.டி.யே சத்தமாகப் படித்தார். "அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்து. தை முதல் தேதியிலிருந்து திரு. ஏகாம்பரம் அவர்களை நிர்வாக மேனேஜராக உயர்த்துவதில் மகிழ்கிறேன். என்னை வந்து பார்த்து உத்தரவைப் பெற்றுக்கொள்ளவும்."

எம்.டி. கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ வரவே இல்லையே ஏகாம்பரம்" என்றார் எம்.டி. "நன்றின்னு ஒரு வார்த்தை கூடச் சொல்லலையே. இந்தப் பதவி உனக்குக் கேவலமாப் பட்டுதோன்னு நெனச்சு நானும் விட்டுட்டேன்யா. ஒன்பது மாசமா அந்த ஆர்டர் என் டிராயர்லயே கெடக்கு."

ஏகாம்பரம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். வரவில்லையே என்று ஒன்பது மாதமாக அவர் திட்டித் தீர்த்த கடிதம் அவருடைய ஃபோல்டரில், அவருடைய ரூலில், அவர் ஒருத்தர் மட்டும் திறக்கக்கூடிய இடத்தில், அவருக்காகக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அது அதது இடத்தில்தான் இருந்தது. தேடியிருந்தால் கிடைத்திருக்கும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் இதயம் உண்டு. அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குங்குமம் வைத்த மானிட்டரை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய கைதான் பட்டது. யாரும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டோம்.

விடுமுறை முடிந்ததும் கம்ப்ரசர் ஆர்டர் வந்தது, கூடவே எம்.டி.யிடமிருந்து இரண்டு உத்தரவும் வந்தன. ஏகாம்பரம் மேனேஜர். ரேஷ்மா நிரந்தரம். திண்டுக்கல்லில் மாப்பிள்ளை வீட்டாரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டார்களாம். மேனேஜர் ஃபோல்டர் பார்ப்பது அழகில்லை என்று எம்.டி. நினைத்ததால் பொது மெயிலின் சாவி ரேஷ்மா கைக்குப் போயிற்று. முதல் நாளே வாழ்த்து ரூலை அழித்தாள். எல்லாருக்கும் எல்லா ஃபோல்டரையும் திறந்துவிட்டாள். "இனிமே யாரும் யார்கிட்டயும் கேக்க வேணாம்ணே" என்றாள். பொற்காலம்.

மூன்று வாரம் நீடித்தது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு கடிதத்தைத் தவறி வேறு ஃபோல்டரில் இழுத்துப் போட்டுவிட்டார். அதிலிருந்து "ரேஷ்மா செக்டு" என்று ஒரு ஃபோல்டர் முளைத்தது. அதற்குள் "ரேஷ்மா செக்டு ஃபைனல்". போன வியாழக்கிழமை ஒரு சப்ளையர் கடிதம் வேண்டியிருந்தது. திறந்தால் எனக்குப் பார்வைக்கு மட்டும் என்று வந்தது. அவள் மேஜைக்குப் போய்க் கேட்டேன். தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள். ஆறு மாதம் சென்னையில் இருந்தும் திண்டுக்கல் பேச்சை விடாத பெண்.

"எல்லாம் அதது எடத்துல கீதுண்ணே. தேடினா கெடைக்கும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் ஆபீஸில் பொது மெயில் இல்லாமல் இருக்கலாம். வீட்டுக் கல்யாண ஃபோட்டோவெல்லாம் யாருடைய ஃபோனில் இருக்கின்றன? உங்களுடையதில்தானே? அக்கா கேட்டபோது "பத்திரமா வெச்சிருக்கேன், அனுப்பறேன்" என்று சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது? குடும்பக் குழுவில் தினமும் வாழ்த்து அனுப்புகிற சித்தப்பாவின் சத்தத்தை அடைத்துவைத்தீர்களே, அவர் வாழ்த்துக்குக் கீழே இரண்டாவது வரியில் என்ன எழுதியிருந்தார் என்று என்றாவது படித்ததுண்டா? போன பொங்கலிலிருந்து உங்களைக் கண்டால் யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களா? எதற்கும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தால் ஏகாம்பரத்துடையதைப் போட்டுப் பாருங்கள், அநேகமாகத் திறந்துவிடும்.